முன்னறைக்கும் பின்னறைக்கும் நாற்பதடி

கடல் ஏழும் கடந்து மெல்போர்னில் கொலுவீற்றிருக்கும் கவிவேந்தருக்கு, குற்றாலத்திலிருந்து, ஓட்டைக் குடைக்கும் ஒழுகும் ஓட்டுக்கூரைக்கும் ஏக அதிபதியான உன் அப்பன் எழுதுவது. நான் நலம். உங்கம்மை நலம் என்று சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே, ஆகையால் அதை அப்புறம் பார்ப்போம். வழக்கமாக நாம் பேசிக்கொள்வது வாட்ஸ்அப்பில். அதுவும் அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று நீ கேட்பாய், விழுகிறது என்று நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன், அத்தோடு அப்பன் மகன் உறவு அந்த மாதத்துக்கு முடிந்துவிடும். இந்தத் தடவை கட்டைவிரல் போதாது. இதை உனக்குத் தனியாக அனுப்பாமல், உன் கவிதையைப் போட்ட அதே பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அச்சில் வந்ததற்கு அச்சில்தான் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் போடவில்லை என்றால் ஆயிரம் ஜெராக்ஸ் எடுத்து, தென்காசி பஸ் ஸ்டாண்டில் நின்று சுரண்டை பஸ்ஸுக்கு ஒரு கட்டு, வாசுதேவநல்லூர் பஸ்ஸுக்கு ஒரு கட்டு என்று ஏற்றிவிடுவேன். உன் அப்பனைப் பற்றி உனக்குத் தெரியும்.

முதலில் உன் புகழைப் பாடிவிடுகிறேன், பின்னால் வாய்ப்பு வராது. உன் புத்தகம் வந்த நாளிலிருந்து ஊர் நிலைகொள்ளாமல் தவிக்கிறது. பேரருவிப் பக்கத்துக் குரங்குகள் சிப்ஸ் பாக்கெட் பிடுங்குவதை நிறுத்திவிட்டு, படிக்க ஏதாவது இருக்கிறதா என்று பையைத் துழாவுகின்றன. மேலகரத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆட்டோ பிடித்து வந்து, நம் வீட்டு முன்னறை ஜன்னல் கம்பியைத் தொட்டுக் கண்ணீர் விட்டார். அவர் விட்ட கண்ணீரில் சிற்றாற்றில் வெள்ளம் வந்து அன்று மாலை அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். இதுதானா அந்த ஜன்னல் என்று கேட்டார். இதேதான் என்றேன். அம்மா இங்கேதான் உட்காருவார்களா என்றார். உங்கம்மை அப்போது அவருக்குக் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தாள். அவர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆமாம், இங்கேதான் என்று சொல்லிவிட்டேன். பல வருடப் பழக்கம், தடங்கலே இல்லாமல் வந்துவிட்டது.

புத்தகத்தைப் படிக்காத பாவிகளுக்காக அந்தக் கவிதையை இங்கே எடுத்துப் போடுகிறேன். காப்புரிமை கேட்டு அப்பன் மேல் வழக்குப் போட்டுவிடாதே.

ஆடிச் சாரலில்
முன்னறை ஜன்னலோரம்
பிச்சிப்பூ தொடுத்தபடி சிரிக்கிறாள் அம்மா.
கேரம் காயைச் சுண்டிவிட்டு
தானே கைதட்டிக்கொள்கிறார் அப்பா.
எவளோ ஒருத்தி
வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள்.
என் வீடு அங்கே நனைந்துகொண்டிருக்கிறது.
நான் இங்கே காய்ந்துகொண்டிருக்கிறேன்.

நல்ல கவிதைதான். நான் ஜவுளிக்கடையில் முப்பத்தோரு வருடம் வேட்டி மடித்தவன், எனக்குக் கவிதை தெரியாது, ஆனால் சரக்கு தெரியும். நெருக்கமான நெசவு. சாயம் போகாது. ஒரே ஒரு குறைதான். ஜன்னலோரம் பிச்சிப்பூ தொடுத்துக்கொண்டு சிரிக்கிறவள் உங்கம்மை இல்லை. வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாளே எவளோ ஒருத்தி, அவள்தான் உங்கம்மை.

இதைப் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நீ கொட்டாவி விடாமல் கேட்டுக்கொண்டிரு. இந்த ஊரில் ஆனி பிறந்து முதல் சாரல் விழுந்துவிட்டால் அது சீசன். சீசன் என்றால் உலகமே இங்கே வந்து தலையை நீட்டும். இப்போது போல முக்குக்கு முக்கு லாட்ஜ் இல்லாத காலம் அது. அதனால் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் தங்கள் வீட்டையே சீசன் பார்ட்டிக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கத்துச் சாய்ப்புக்கோ மச்சினன் வீட்டுக்கோ போய்விடுவார்கள். ஆவணி முடிந்ததும் திரும்பி வந்து வீட்டைக் கழுவிவிட்டுக் குடியேறுவார்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஊர் முழுக்கச் செய்தது. உன் தாத்தா, அதாவது உங்கம்மையின் அப்பா, கட்டிய வீடு நம் வீடு. அவர் காலமான வருடம் கூரையில் பாதி ஓடு போய்விட்டது. ஓடு மாற்ற வேண்டும் என்றுதான் முதல் சீசனுக்கு விட்டோம். ஓடு மாற்றியாயிற்று. அதற்கப்புறமும் பதினாலு சீசன் விட்டேன், யாரும் கேட்கவில்லை.

உன் கவிதைகளில் பாதிக்கு மேல் புலம்பெயர்வைப் பற்றி. விமானம், பாஸ்போர்ட், பனி, தனிமை, இரண்டு பெட்டியில் அடங்கிவிட்ட வாழ்க்கை. படித்துவிட்டு நானும் உருகினேன், சந்தேகமே வேண்டாம், உருகி ஓடிய நெய்யில் நாலு கடை அல்வா கிண்டியிருக்கலாம். ஆனால் மகனே, உன் முதல் புலம்பெயர்வு மெல்போர்னுக்கு இல்லை. முன்னறையிலிருந்து பின்னறைக்கு. நாற்பதடி. நான் காலடி வைத்து அளந்திருக்கிறேன். வருடா வருடம் ஆனி முதல் வாரம் நீ உன் புத்தகப் பையையும் உங்கம்மை அரிசிப் பானையையும் தூக்கிக்கொண்டு அந்த நாற்பதடியைக் கடந்தீர்கள். அதற்கு எந்த ஆபீசரும் முத்திரை குத்தவில்லை. அதைப் பற்றி உன் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. நானும் முன்பின் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

ஊர்க்காரர்கள் எல்லாரும் வீட்டை விட்டார்கள். நான் அதற்கு மேல் ஒரு படி போனேன், அதுதான் என் பாவக்கணக்கு. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை, வைத்திருந்தவரும் அவர் வீட்டம்மாவும் நாலு பிள்ளைகளும் உனக்கு நாலு வயதாகும்போது முதல் தடவை வந்தார்கள். வந்து இறங்கியதும் அவர் என்னைப் பார்த்து, நீங்கதான் வாட்ச்மேனா என்று கேட்டார். தப்பாகக் கேட்கவில்லை, நான் லுங்கியில் நின்றேன். ஆனால் எனக்குச் சுரீர் என்றது. இல்லைங்க, ஓனர், நமக்குத் தென்காசியில் ஜவுளிக்கடை, கோபுரத்துக்குப் பக்கத்தில் வீடு, இது சும்மா சீசனுக்குக் கட்டிப் போட்டது என்று வாயிலிருந்து வந்தது. வந்ததை நிறுத்த முடியவில்லை. கடையில் எத்தனை ஆள் என்று கேட்டார். அறுபது பேர் என்றேன். அந்தக் கடையில் நின்றதே ஒன்பது பேர், அதில் ஒன்பதாவது ஆள் நான். பின்பக்கம் அடுப்புப் புகை வருகிறதே, யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஏழைக் குடும்பம், பாவம் என்று வைத்திருக்கிறேன், வெந்நீர், பாத்திரம் எல்லாம் அந்தப் பெண் பார்த்துக்கொள்ளும் என்றேன். உங்கம்மை அவள் அப்பா கட்டின வீட்டின் பின்வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவள் சிரித்தாள். அதையும் சொல்லிவிட வேண்டும். நான் பின்னறைக்குப் போனதும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "வாங்க அண்ணாச்சி, அறுபது பேருக்கும் சோறு வடிக்கணுமா, இல்ல ஒங்களுக்கு மட்டும் போதுமா" என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம். பார்ட்டி போனதும் முடிந்துவிடும் என்று நினைத்தோம். ஆனால் அவர்கள் அடுத்த வருடமும் வந்தார்கள். ஒன்பது சீசன் வந்தார்கள். ஒரு பொய்யை ஒன்பது வருடம் வளர்த்தால் அது யானையாகிவிடுகிறது, அதற்குத் தீனி போட்டாக வேண்டும். காலையில் கடைக்குப் போகுமுன், தென்காசியிலிருந்து வருகிறவன் மாதிரி முன்கேட் வழியாக வந்து, அவர்களோடு முன்னறையில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவேன். சாயங்காலம் வந்ததும் கேரம். அந்த அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பூத் தொடுப்பார்கள். நான் சொல்லும் கதைக்கெல்லாம் சிரிப்பார்கள். என்னைப் பற்றி யாரும் தப்பாக நினைக்க வேண்டாம், அந்த வகைக் கோளாறு ஒன்றும் இல்லை. அதைவிட மட்டமானது. என் வீட்டிலேயே நான் விருந்தாளியாகி, அந்தச் சுகத்தில் மிதந்தேன். ஏழு மணியானதும், சரி நான் தென்காசிக்குக் கிளம்புகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு முன்கேட்டைத் திறந்து ராஜநடை போட்டு பஸ் ஸ்டாப் வரை போவேன். அங்கேயிருந்து தென்னந்தோப்புக்குள் புகுந்து, சகதியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, திருடன் மாதிரி பின்வேலிக்கு வருவேன். வேலிப் படலை யார் திறந்துவிடுவார்கள்? நீதான். அதனால், அப்பா, நான் சின்னப் பிள்ளை, எனக்கு அப்போது யார் யார் என்று தெரியாது என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. பத்து வயதில் உனக்கு என்னைவிடத் தெளிவாகத் தெரியும்.

ஒரு தடவை நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று இத்தனை வருடம் கேட்கப் பயந்திருக்கிறேன். இப்போது ஊரறியக் கேட்கிறேன். உனக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுத்திருந்தார்கள், ஒரு எவர்சில்வர் டம்ளர். அதைத் தூக்கிக்கொண்டு, சொல்லி வைத்ததெல்லாம் மறந்துபோய், முன்னறைக்குள் ஓடிவந்து அப்பா என்று கூப்பிட்டாய். கேரம் போர்டைச் சுற்றி எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் காயைச் சுண்டிக்கொண்டே, "பின்னால இருக்கவங்க பிள்ளை. பாசத்துல எல்லாரையும் அப்பிடித்தான் கூப்பிடும்" என்றேன். டம்ளரைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாய். நான் அந்த ஆட்டத்தில் ஜெயித்தேன். கைதட்டிக்கொண்டேன். உன் கவிதையில் அந்தக் கைதட்டல் மட்டும் துல்லியமாக வந்திருக்கிறது.

ஆகையால் உன்மேல் எனக்குக் கோபம் வர நியாயம் இல்லை என்று நீ சொல்லலாம். நியாயம் இல்லைதான். ஆனாலும் வருகிறது. ஏன் என்று சொல்கிறேன், கேள். புத்தகம் வந்த அன்று உங்கம்மை புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்து, ஒரு பக்கம் விடாமல் படித்தாள். மடியில் அவரைக்காய் இருந்தது, ஒன்றுகூட நறுக்கவில்லை. இந்தக் கவிதை வந்ததும் நிறுத்தினாள். விரலை அந்த வரியில் வைத்து, இது யாரு என்று என்னைக் கேட்டாள். கவிதையில் அப்படி ஒரு ஆள் சும்மா வந்து போவது உண்டு என்று நான் பெரிய விமர்சகன் மாதிரி சொன்னேன். "நாந்தான அது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த அம்மா ஜன்னல்ல இருந்தா நல்லாத்தான் இருக்கும். சிரிச்ச மொகம்" என்று சொல்லிவிட்டு அவரைக்காயை எடுத்தாள். அவள் அழுதிருந்தால் நான் சமாதானம் செய்திருப்பேன், திட்டியிருந்தால் நானும் உன்னைத் திட்டியிருப்பேன். அவள் காயை நறுக்கினாள்.

மகனே, நீ மறக்கவில்லை. மறந்தவன் வெந்நீரை எழுதமாட்டான். நீ தேர்ந்தெடுத்திருக்கிறாய். ஜன்னலோரம் வைக்க ஒரு அம்மா வேண்டும், அதற்குப் புகை படிந்த சேலையும் வெடிப்பு விழுந்த காலும் ஒத்துவராது, அதனால் பார்வைக்கு லட்சணமான அம்மாவை உட்கார வைத்தாய். வீட்டைத் தேடி வருகிற வெளியாட்களுக்கு முன்னறையைச் சோடித்துக் கொடுத்துவிட்டு, அவளைப் பின்னால் அனுப்பிவிட்டாய். எனக்கு இது தெரிந்த தொழில். உன்னை இன்ஜினியருக்குப் படிக்க வைத்தேன், நீ என் தொழிலையே எடுத்து நடத்துகிறாய். எனக்கு ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு பார்ட்டி. உனக்கு உலகம் பூராவும் பார்ட்டி. ஒரே வித்தியாசம், நான் ஆவணி முடிந்ததும் முன்னறையை அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நீ அச்சில் ஏற்றிவிட்டாய். அச்சுக்கு ஆவணி கிடையாது.

அதோடு விட்டிருந்தாலும் இந்தக் கடிதம் வந்திருக்காது. போன வாரம் போன் போட்டாய். இந்தக் கவிதையை வைத்து யாரோ பிள்ளைகள் குறும்படம் எடுக்கிறார்கள், ஆடியில் நீயும் அவர்களோடு வருகிறாய், நம் வீட்டில்தான் எடுக்க வேண்டும் என்றாய். அப்புறம் அம்மாவிடம் கொடுங்கள் என்றாய். ஸ்பீக்கரில் இருந்தது, எல்லாம் கேட்டேன். அம்மா, நீங்கள் அந்த ஜன்னலோரம் பிச்சிப்பூ தொடுத்துக்கொண்டு சிரித்த மாதிரி பத்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும் என்றாய். உங்கம்மை "சரிய்யா" என்றாள். அவள் வாழ்நாளில் அதிகம் பயன்படுத்திய சொல் அது, அதிலேயே ஒரு அகராதி போடலாம். போனை வைத்ததும் பீரோவைத் திறந்தாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, அந்தக் கோவில்பட்டி அம்மா எந்தக் கலர் சேலை கட்டுவார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா, பச்சைதானே என்று கேட்டாள்.

"நீ எதுக்குட்டி பச்சை கட்டணும்" என்றேன்.

"பிள்ள எழுதிருக்கது மாதிரி இருக்கணும்லா" என்றாள்.

நான் எத்தனையோ வெட்கம் கெட்ட காரியம் செய்திருக்கிறேன், அதில் சிலவற்றை மேலே எழுதியும் விட்டேன். ஆனால் அந்த நேரம் அந்த பீரோவுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம் போல இருந்தது. தான் பெற்ற மகனுக்குத் தன்னைத் தாயாகக் காட்ட, இன்னொருத்தியின் சேலையைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அதை அவள் கசப்பாகக்கூடச் சொல்லவில்லை, சமையலுக்கு என்ன காய் வாங்கட்டும் என்பது போலச் சொன்னாள். உனக்கு இன்னொன்று தெரியாது. நாம் வீட்டை விடுவதை நிறுத்தி இருபத்தஞ்சு வருடத்துக்கு மேலாகிறது. இப்போதும் ஆனி பிறந்தால் உங்கம்மை பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுகிறாள். முன்னறையில் தூக்கம் வரவில்லை என்கிறாள். நான் போ என்று சொல்லவில்லை. இனி நான் சொல்லத் தேவையில்லாத அளவுக்குச் சொல்லி முடித்துவிட்டேன் போல.

அன்றைக்கே கோவில்பட்டிக்குப் போன் போட்டேன். தீப்பெட்டி ஆபீஸ்காரருக்கு இப்போது எண்பது நெருங்குகிறது, காது மந்தம், ஆனாலும் வருடா வருடம் ஆனியில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்டுக் கூப்பிடுகிறவர்தான். எனக்கிருந்த தைரியத்தையெல்லாம் திரட்டி, ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும் அண்ணாச்சி, பின்னால் வெந்நீர் போட்டுக் கொடுத்தது என் பொண்டாட்டி, அந்தப் பிள்ளை என் பிள்ளை, எனக்குக் கடையும் கிடையாது ஒரு மண்ணும் கிடையாது என்று மளமளவென்று கொட்டினேன். பொதிகை மலையை இறக்கி வைத்தது போல மூச்சு வாங்கியது.

"அது தெரியுமே அண்ணாச்சி" என்றார்.

இரண்டாவது சீசனிலேயே அவர் வீட்டம்மா தென்காசிக்கு வேட்டி எடுக்க வந்திருக்கிறார்கள். நான் கழுத்தில் இன்ச் டேப்போடு நின்று, யாரோ கலைத்துப் போட்ட வேட்டிகளை மடித்துக்கொண்டிருந்தேனாம். கடை மேனேஜர் ஏதோ கத்திக்கொண்டிருந்தாராம். அந்த அம்மா வாசலிலேயே திரும்பி, வேறு கடையில் வேட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் நான் முன்னறையில் உட்கார்ந்து, இன்றைக்கு வியாபாரம் தாங்கவில்லை என்று அளந்தபோது, எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தார்களாம், மாமா சொன்னால் ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்று. எட்டு சீசன். என் சபையில் இருந்த ஒவ்வொருவரும் எனக்காக நடித்திருக்கிறார்கள்.

போனை வைத்துவிட்டு உங்கம்மையிடம் போய்ச் சொன்னேன். பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்து வந்தவன் மாதிரி, அவர்களுக்கு அப்போதே தெரியுமாம் என்றேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

"அவியளுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்" என்றாள். "அந்த அம்மா எங்கிட்ட வந்து கேட்டுட்டாவ. நாந்தான் காட்டிக்கிடாதீங்கன்னு சொன்னேன்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க எங்கன போயி ஒக்காருவீய" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அன்று முழுக்க நான் உட்காராமல் நின்றேன் என்று எழுதினால் நீ மிகை என்பாய். நிஜமாகவே எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. முன்னறை நாற்காலியைப் பார்த்தேன், பின்வாசல் படியைப் பார்த்தேன், இரண்டும் என்னுடையதாகத் தோன்றவில்லை. நீ வீடு என்றால் என்ன என்று நூற்றுப் பன்னிரண்டு பக்கம் கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒருவர் உட்கார்ந்து சிரிப்பதற்காக இன்னொருவர் எழுந்து பின்னால் போயிருந்தால், அது முன்னால் இருக்கிறவருக்கும் வீடாக இருந்ததில்லை. நீ இனிமேல் வீட்டைப் பற்றி எழுதும்போது அழகான வரி ஒன்று வந்து விழுந்தால், பேனாவை வைத்துவிட்டு, இதற்கு இடம் கொடுக்க யாரை எழுப்பி அனுப்பினேன் என்று ஒரு நிமிடம் பார். நான் கேரம் போர்டிலிருந்து ஒரு தரம் திரும்பிப் பார்த்திருந்தால் போதும். திரும்பவில்லை. சிவப்புக் காய் குழி ஓரத்தில் இருந்தது.

இனி நடந்ததை மட்டும் சொல்கிறேன். நேற்றுக் காலை உன் படக்காரப் பிள்ளைகளில் ஒரு பெண் கூப்பிட்டாள். நல்ல மரியாதையான பிள்ளை. ஹவுஸ் ஓனர் கையெழுத்துப் போட்டு ஒரு பர்மிஷன் லெட்டர் வேண்டும் சார், நீங்கதானே ஓனர் என்றாள். முப்பத்தேழு வருடத்துக்கு முன்னால் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்ததோ, அந்தச் சொல் நேற்றும் நாக்கு நுனியில் தயாராக நின்றது. விழுங்கினேன். நான் இல்லைம்மா, ஓனர் பெயர் கோமதியம்மாள், அவர்களுடைய அப்பா கட்டின வீடு, இங்கேதான் இருக்கிறார்கள், பேசு என்று போனைக் கொடுத்தேன்.

உங்கம்மை கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அந்தப் பெண் சொன்னதையெல்லாம் முழுக்கக் கேட்டாள். வெளிச்சம், ஜன்னல், பூ, சேலை, பத்தே பத்து நிமிடம். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், சரிம்மா என்று வரப்போகிறது என்று.

"இங்கன ஒருத்தருக்கு வருசக்கணக்கா நடிச்சுக் குடுத்தாச்சு தாயி" என்றாள். "இனி ஏலாது."

அந்தப் பெண் தடுமாறிவிட்டாள் போல. அப்போ உங்க பையன்கிட்ட நாங்க என்ன சொல்றது என்று கேட்டது எனக்கும் கேட்டது.

"அவன் வரட்டும். ஒத்தையில வரட்டும். கேமராவுக்கு லாட்ஜ்ல ரூம் போடுங்க, சீசன்ல நெறைய இருக்கு" என்று சொல்லிவிட்டு, போனை எப்படி அணைப்பது என்று தெரியாமல் என்னிடம் நீட்டினாள்.

ஆகையால் கவிவேந்தே, டிக்கெட்டை ரத்து செய்துவிடாதே. தென்காசி ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன், தாரை தப்பட்டையோடு வரவேற்க வேண்டும் என்று ஆசைதான், ஆனால் ஆட்டோதான் வரும். நீ வந்தால் உன்னை முன்னறையில் படுக்க வைப்பதா, பின்னறையில் படுக்க வைப்பதா என்று இன்று காலை அவளிடம் கேட்டேன். இன்னும் முடிவு செய்யவில்லையாம். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.